நசுங்கிய சஹனும் ஒரு தொடலியும்

பெப்ரவரி 3
சாதாரண தரப் பரீட்சையில் எனக்குக் கணிதம் மட்டும்தான் பாக்கி. இரண்டு தடவை போய்விட்டது. இம்முறையும் போனால் பாலர் பாடசாலையில் உதவியாளாகப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். "ஒங்கள டீச்சராப் போட எனக்கு விருப்பம்தான் தங்கச்சி. கணிதம் இல்லாம ஒங்கட பேர மேல அனுப்பேலாதே," என்கிறார் பாடசாலையை நடத்தும் சிபானா டீச்சர்.

மகள் அஸ்காவும் இதே பரீட்சை எழுதுகிறாள். "உம்மா, ஒங்கட நம்பர் என்ட நம்பருக்குப் பக்கத்துல வந்தா வெக்கத்துலயே நான் மௌத்து."

பெப்ரவரி 10
வீட்டுக் கணக்கு எனக்குப் பிசகுவதில்லை. கேத்திரகணிதம்தான் ஆளைக் கொல்லுகிறது. இன்றைய கணக்கு: ஒருமைய வட்டங்கள் இரண்டு. பெரிய வட்டத்தின் நாண் ஒன்று சிறிய வட்டத்துக்குத் தொடலியாக, அதைத் தொட்டுக்கொண்டு போகிறது. தொடும் புள்ளியில் நாண் சரிபாதியாகும் என நிறுவுக.

அடிமட்டத்தால் அளந்தேன். பாதிதான். எழுதினேன். "அளந்தா மாக்ஸ் இல்ல உம்மா, காரணம் எழுதணும்" என்று அஸ்கா குறுக்கே கோடு போட்டுவிட்டாள்.

கண்ணால் கண்டதற்கு என்ன காரணம்?

பெப்ரவரி 11
புழுதிக் காற்று. துவைத்த துணியெல்லாம் மண். படிக்கவில்லை.

பெப்ரவரி 16
அஸர் தொழுகைக்குப் பிறகு, எல்லாரும் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டைக் கழுவிக் கவிழ்க்கப் போனவள் நின்றுவிட்டேன். வட்ட விளிம்பு, நடுவில் பூ வெட்டிய சின்ன வட்டம். கணக்கே கையில் இருக்கிறதே! ஓர் ஈர்க்கை எடுத்துப் பூ வட்டத்தைத் தொடும்படி விளிம்புக்கு விளிம்பு வைத்தேன். நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டினேன். தொட்ட இடத்தில் முறித்தேன்.

ஒரு துண்டு நீளம், மற்றது கட்டை.

இன்னோர் ஈர்க்கு. அதுவும் அப்படித்தான். அப்ப நான் படிச்சதெல்லாம் பிழையா? இவ்வளவு நாளும் என்னத்தைத்தான் படிச்சேன்? அழுகையே வந்துவிட்டது.

கற்பிட்டியில் கருவாடு ஏற்றிவிட்டு வந்த அஸ்காவின் வாப்பா குசினி வாசலில் நின்று பார்த்தார். "சஹன அளந்தா சோறு கூடுமா?"

அஸ்காதான் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "உம்மா, இது கந்தூரிச் சாப்பாட்டுக்கு இரவல் போய் நசுங்கி வந்த சஹன். பாருங்க, ஒரு பக்கம் உள்ளுக்குப் போயிருக்கு. பூவுக்கு நடு ஒரு இடம், விளிம்புக்கு நடு வேற இடம். ஒரே மையம்டு தந்தாத்தானே பாதியாகும்?"

ஒரே மையம். கேள்வியின் முதல் சொல்லே அதுதான். அதை ஒரு நாளாவது நான் காரணமாக எழுதியதில்லை. கை கால் முகம் கழுவி ஒளு எடுக்காமல் தொழ நின்றவள் மாதிரி.

பெப்ரவரி 17
தொடும் புள்ளிக்கு வரும் சிறிய வட்டத்தின் ஆரை தொடலிக்குச் செங்குத்து. மையம் இரண்டுக்கும் ஒன்று. ஆகவே அது பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து நாணுக்கு வரும் செங்குத்து. ஆகவே சரிபாதி. புத்தகம் பாராமல் எழுதினேன். அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 4
நோன்பு. தலையிடி.

மார்ச் 20
கணிதம் முடிந்தது. நோன்போடு நாக்கு ஒட்டிப்போய் எழுதினேன். வட்டம் வந்தது, விடவில்லை. நிகழ்தகவு முழுவதும் விட்டேன். அஸ்கா, "லேசு உம்மா" என்றாள். எனக்கு லேசாக இருக்கவில்லை.

ஜூலை 11
ரிசல்ட் வந்துவிட்டது. அஸ்காவுக்குக் கணிதத்தில் சீ தரம்தான். ஏ வரும் என்று இருந்த பிள்ளை. பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னுடையதைப் பார்க்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போனதும் எடுத்துவந்து, திரும்பச் சுட வைத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது கோப்பையை வைக்கும்போது, திரும்பாமலே சொன்னாள்: "ஒங்களுக்கு எஸ். பாஸ் உம்மா. காலையிலேயே பாத்துட்டேன். ஒங்கடதத்தான் முதல்ல பாத்த."

அவள் தலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தேன். கையைத் தட்டிவிடவில்லை.

வெளியே வந்து, நன்றி சொல்லும் சுக்ருடைய ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட விழுந்தேன். எழும்ப மனமும் வரவில்லை, உடம்பும் வரவில்லை.