நோபல் பார்க்கில் உமது வாங்கு

இன்று காலை மெல்பேர்னின் நோபல் பார்க்கில், தமிழ்க் கடையில் பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றினேன். புதுச் சாக்கின் மணம் மூக்கில் ஏறியதும் உமது நினைவு வந்துவிட்டது. கடைக்காரர் ஓடி வந்தார். "அன்ரி, காரை எங்க விட்டனீங்கள்? நான் கொண்டுவந்து வைக்கிறன்."

"காரில வரேல்லை, தம்பி" என்றேன். அவர் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. நகரத் திட்டமிடல் அதிகாரி ஒருத்தி, வீட்டில் கார் நிற்க, வேண்டுமென்றே அரிசி சுமக்கிறாள் என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்? எல்லாம் நீர் பழக்கிவிட்டுப் போன பழக்கம்.

வன்னியில் போர் முடிந்த வருடம்தான் நாம் இங்குள்ள நகரசபையில் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தோம். வேலைக் கதிரையில் இருந்தால் ஆங்கிலம், தேநீர் போடக் குசினிக்குப் போனால் தமிழ். நான் நேர்முகம், பதவி உயர்வு என்று ஓடிக்கொண்டிருந்தேன். உமக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. பல நாடுகள் கூடி நகரங்களுக்கான கொள்கை எழுதும் அமைப்பொன்றில், வெளிநாட்டில், ஒரு வேலை. "அங்க ஒரு வசனம் எழுதினா ஆயிரம் ஊரில வீதி மாறுமப்பா" என்பீர். "முதல்ல எங்கட வீதியை மாத்தும்" என்று நான் சீண்டுவேன்.

நோபல் பார்க்கில் அப்படியொரு வீதியும் எங்கள் மேசைக்குத் திட்டமாக வந்தது. ரயில் நிலையத்துக்கு அருகே அடுக்குமாடி வீடுகள். கார் நிறுத்தும் இடம் குறைவு, புகை குறைவு, எல்லாம் பத்து நிமிட நடைக்குள். எனக்கு அந்தத் திட்டத்தில் பெருமை. நீர் வரைபடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது ஆருடைய பத்து நிமிசம்?" என்று கேட்டீர்.

அடுத்த நாள் மத்தியானம், மாசி மாதக் கோடை வெயிலில், அரிசி மூட்டை ஒன்றை வாங்கி என் தோளில் வைத்து, "வாரும், நடப்பம்" என்றீர். பாதி வழியில் எனக்கு மூச்சு முட்டியது. நிழல் இல்லை. குந்தி இருக்க இடமில்லை. அங்கே ஒருவர் தன் மூட்டையை இறக்கிவிட்டு நடைபாதை ஓரத்திலேயே குந்தியிருந்தார். அகதியாகப் படகில் வந்தவர், தற்காலிக விசா, இறைச்சித் தொழிற்சாலையில் காலை வேலை.

"கார் இல்லையோ?" என்று கேட்டேன். இப்படியும் ஒரு கேள்வி!

"நானே இஞ்ச எவ்வளவு காலம் நிக்கப்போறனோ தெரியேல்லை, அக்கா. கார் வாங்கி என்ன செய்ய?" என்றார்.

நீர் என் பக்கம் திரும்பினீர். "குந்தி இருந்து களையாற ஒரு வாங்கு, நீளப் பலகை ஒண்டு. மேல ஒரு மரம். இதைத் திட்டத்தில ஏத்தாமல் நான் விடமாட்டன்."

கூட்டத்தில் மேலாளர் மறுத்தார். வாங்கு போட்டால் வேலையற்ற ஆண்கள் கூடுவார்கள், அயலவர் முறையிடுவார்கள் என்றார். எந்த ஆண்கள் என்பது எல்லோருக்கும் விளங்கியது. அந்தக் கிழமைதான், நீர் விண்ணப்பித்திருந்த வெளிநாட்டு அமைப்பினர் உம்மைப் பற்றி அவரிடம் விசாரிக்க இருந்தார்கள். நான் மேசைக்கடியில் உமது காலை மிதித்தேன். நீர் அசையவில்லை. கொண்டுவந்திருந்த அரிசி மூட்டையைத் தூக்கி மேசைமேல் வைத்து, இதைச் சுமந்துகொண்டு அந்த வீதியில் நடந்துவிட்டு வந்து, அதன் பிறகு வாங்கு வேண்டாமென்று சொல்லுங்கள் என்றீர். வீம்புக்கு எழுந்தவர் மேலாளரேதான். வியர்த்து வழியத் திரும்பியவர், மூட்டையை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டார். வாங்கு திட்டத்தில் ஏறியது. வேலையும் உமக்குக் கிடைத்தது. அன்றைக்கு உம்மை நினைத்து எனக்கு வந்த பெருமை, என்னை நினைத்து ஒருநாளும் வந்ததில்லை.

அங்கிருந்து ஒருநாள் தொலைபேசியில் புலம்பினீர். "வாங்கு, மரம் எண்டு வடிவா எழுதினனான். ஒவ்வொரு நாடும் கைவைச்சு, இப்ப 'அனைவருக்கும் உகந்த சூழல்' எண்டு வந்து நிக்குது. அதில ஆரப்பா குந்தி இருக்கிறது?" இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உமது குரலில் களைப்பு இருந்தது. வேலைக் களைப்பென்று நினைத்தேன்.

வைத்தியத்துக்காக மெல்பேர்னுக்குத் திரும்பி வந்தபோது, "அந்த வீதியைப் பாப்பம்" என்று கேட்டீர். வெறுங்கையோடுதான் நடந்தோம். அதற்கே உமக்கு மூச்சு வாங்கியது. வாங்கில் அமர்ந்து, பலகையைக் கையால் தட்டிப் பார்த்தீர். "நல்ல உயரம். எனக்காகத்தான் சண்டை பிடிச்சனான் போல." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரயில் வருகிறதா என்று பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

நீர் கண்மூடிய பிறகும் நான் எந்தத் திட்டத்துக்கும் நடந்து பார்க்காமல் கையெழுத்து வைப்பதில்லை. அலுவலகத்தில் இளையவர்கள் என் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இன்றும் மூட்டையோடு பாதி வழிக்கு வந்தேன். மரம் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. வாங்கில் ஒரு தாய், மடியில் குழந்தை, காலடியில் மரக்கறிப் பைகள். பக்கத்தில் தொழிற்சாலைச் சப்பாத்தோடு இருவர் பலத்த குரலில் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழும்பப் பார்த்தார். "அன்ரி, இருங்கோ."

"வேண்டாம். நீங்கள் இருங்கோ" என்றேன். தோள் மாற்றிக்கொண்டு நிழலில் நின்றேன்.

உமது வாங்கில் இன்று எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.