இரண்டு அறைக்கும் ஒரே சத்தம்

பழுதுபார்ப்புப் பதிவேடு
நிலவின் தென்முனை நிலையம்
எழுதுபவர்: ஹில்டா ரொட்ரிகோ, மின்னணுப் பிரிவு

நாள் 221, 07:30

முதலில் ஒரு திருத்தம். காலமான கணவரின் நினைவில் நான் பாட்டுப் பெட்டி செய்துகொண்டிருப்பதாக, இங்கே என்னோடு வேலை செய்யும் மாசிலாமணி பக்கத்து முகாமுக்குச் சொல்லிவருகிறார். தவறு. என் கணவர் லூர்து இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருக்குப் பாட்டே பிடிக்காது. கோயிலில் பாடகர் குழு எழுந்து நின்றால் அவர் வெளியே போய் நிற்பார். நான் இந்தக் கருவிகளைச் செய்வதற்கு ஒரே காரணம், கழித்துப்போட்ட தூசி அளவிகளில் ஆறு நல்ல மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள் சும்மா கிடந்தன என்பதுதான். எனக்கு வயது எழுபத்திரண்டு. கை நடுங்குவதில்லை.

கருவி எளியது. ஒரு போர்டு, ஒலியாக்கும் சில்லு, ஸ்பீக்கர், ஒரு குமிழ், சத்தத்தின் அளவை 0 முதல் 21 வரை காட்டும் சிறிய எண் திரை. கட்டுப்பாட்டு அறையில் என் மேசைமேல் உள்ள சர்வரிலிருந்து கம்பி வழியாகப் பாட்டு போகும். எல்லா அறைக்கும் ஒரே பாட்டு. குமிழைத் திருகினால் அந்த எண் என் திரையிலும் பதிவாகும். கருவியில் மைக் கிடையாது. யாரும் யாரையும் ஒட்டுக்கேட்க முடியாது. மற்ற கம்பிகள் கூரையில் ஓடுகின்றன. என்னுடையதைத் தண்ணீர்க் குழாயை ஒட்டித் தரையோடு இழுத்திருக்கிறேன்.

இன்றைய பழுது: அறை 6. சத்தம் 18-ஐத் தாண்டினால் போர்டு அணைந்து மறுபடி தொடங்குகிறது. மின்சாரம் போதவில்லை. மாசிலாமணி பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரிய கெபாசிட்டர் ஒன்று சேர்த்தேன். 21-இல் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். நிற்கவில்லை.

நாள் 226, 16:10

இந்தப் பருவத்தில் நாங்கள் மூன்று பேர். மாசிலாமணி மேற்கே பனி உருக்கும் உலையைக் கவனிக்கிறார். உலையை விட்டு அகலக் கூடாது என்பதால் அதை ஒட்டிய அறை 6-இல் தூங்குகிறார். அவர் மனைவி ரோஸ்லினுக்குக் கிழக்கே பயிர்க்கூடம், அறை 4. நடுவில் நான். இருவரும் இண்டர்காமில் ஒரு கோரிக்கை வைத்தார்கள்.

“ஹில்டாம்மா, ஒரு உதவி. நான் சத்தத்தக் கூட்டுனா அவ ரூம்லயும் கூடணும். அவ குறைச்சா எனக்கும் குறையணும். வீட்ல மாதிரி சண்டை போடணும்லா.”

“இவுகளுக்கு வேற வேலை இல்ல ஆன்ட்டி. ஆனா செஞ்சு குடுங்க. அங்க தனியா உக்காந்து மேளம் கேக்காக. குறைக்க ஒரு ஆள் வேணும்லா.”

செய்தேன். அறை 4-இன் போர்டில் 6 அதன் ஜோடி என்றும், அறை 6-இன் போர்டில் 4 அதன் ஜோடி என்றும் பதிந்தேன். ஒன்றைத் திருகினால் மற்றது ஒரு விநாடியில் அதே எண்ணுக்கு வரும். இரண்டும் என் திரையில் பதிவாகும். எது கையால் திருகப்பட்டது, எது தானாக மாறியது என்று திரை பிரித்துக் காட்டாது. தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

நாள் 238, 11:00

“ஆன்ட்டி, பிரிச்சு விட்டுருங்க. காலங்காத்தால நையாண்டி மேளம். எங்க அப்பா சபை போதகரு. பரலோகத்துல அவருக்கே கேட்டிருக்கும்.”

“ஏட்டி, ஒங்க அப்பாதான் நம்ம கல்யாணத்துக்கு மேளம் வேண்டாம்னாரு. அதுக்கும் சேத்துத்தான் இது.”

பிரித்தேன். அறை 4-க்கு நேரில் போய், போர்டை முழுவதும் துடைத்து, புதிய புரோகிராமை ஏற்றினேன். மேற்குச் சுரங்கத்தில் காற்று இல்லை. அறை 6-க்குப் போவதென்றால் விண்ணுடை அணிய வேண்டும். அதன் கழுத்துப் பூட்டை என்னால் தனியாகப் போட முடிவதில்லை. அதற்கு ஆள் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. ஆகவே 6-க்கு என் மேசையிலிருந்தே கம்பி வழியாகப் புரோகிராமை அனுப்பினேன். சோதனை: ரோஸ்லினை 4-இன் குமிழைத் திருகச் சொன்னேன். 6 மாறவில்லை. இணைப்பு நீங்கியது. கையெழுத்திட்டேன்.

நாள் 239, 08:15

“ஆன்ட்டி, இன்னைக்கும் மேளம் தானா கூடிச்சு.”

உன் கை பட்டிருக்கும் என்றேன்.

“கை போர்வைக்குள்ள இருந்துச்சு ஆன்ட்டி.”

சோதித்தாகிவிட்டது என்றேன். சரி ஆன்ட்டி என்றாள். சோதித்துக் கையெழுத்திட்டதை நான் மறுபடி திறப்பதில்லை. கான்வென்டில் அப்படித்தான் பழக்கினார்கள்.

நாள் 240, 06:50

நேற்று 21:40-க்கு நிலம் அதிர்ந்தது. நிலையம் இருக்கும் பள்ளத்தின் சுவர் சரிந்து கிழக்கு, மேற்குச் சுரங்கங்கள் இரண்டையும் மூடிவிட்டது. கூரையில் ஓடிய இண்டர்காம், அறைகளின் காற்றை அளக்கும் உணரிகள், எல்லாம் அறுந்தன. எனக்கு மின்சாரம் திரும்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தரையோடு இழுத்த என் கம்பி மட்டும் அறவில்லை. ஆறு கருவிகளும் திரையில் தெரிகின்றன.

ஒவ்வொரு அறையிலும் நாற்பது மணி நேரத்துக்கு அவசரக் காற்று உண்டு. நாளை 13:40 வரை.

சர்வரில் ஒரு மைக்கைச் சேர்த்தேன். பாட்டுக்குப் பதிலாக என் குரல் போகும். அவர்கள் பேச முடியாது. குமிழைத் திருக முடியும்.

“ஹில்டா பேசுறேன். உசிரோட இருந்தா பதினொண்ணுல வைங்க.”

06:31:07 அறை 6: 11.
06:31:08 அறை 4: 11.

இருவரும் இருக்கிறார்கள். அவர் பேசி முடிப்பதற்குள் அவள் தொடங்கிவிடுவது வழக்கம். குமிழிலும் அப்படியே.

நாள் 240, 17:30

பக்கத்து முகாமிலிருந்து பேச்சிமுத்து தோண்டும் வண்டியை ஓட்டிவருகிறார். வழியிலிருந்து ரேடியோவில் பேசினார்.

“ஹில்டாம்மா, நாங்க ரெண்டு பேரு வாரோம். ராத்திரி பதினொன்றரைக்கு அங்க இருப்போம். ஒரு சுரங்கத்தத் தோண்ட பத்து மணி நேரம் ஆவும். ரெண்டும் நடக்காது. எந்தப் பக்கம்னு நீங்க சொல்லணும்.”

“நான் எப்படிச் சொல்றது?”

“அப்ப அவுகளையே கேளுங்க. அதுக்குத்தான பெட்டி செஞ்சு வச்சிருக்கீக.”

கேட்டேன். எதையும் மறைக்கவில்லை.

“ஒரு பக்கந்தான் தோண்ட முடியும். நாலாம் ரூம் முதல்லன்னா நாலுல வைங்க. ஆறாம் ரூம்னா ஆறுல வைங்க.”

17:22:11 அறை 6: 4.
17:22:12 அறை 4: 4.

யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மாசிலாமணி மனைவியைச் சொன்னார். ரோஸ்லினும் தன்னையே சொன்னாள். அவளிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை. உயிர் என்று வந்தால் யாரும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

பேச்சிமுத்துவிடம் கிழக்கு என்று சொன்னேன்.

நாள் 241, 09:50

“அம்மா, உள்ள வந்துட்டோம். செவுரு பொளந்து கெடக்கு. காத்தே இல்ல. ரோஸ்லினக்கா கட்டில்லயே இருக்காக. அதிர்ந்தப்பவே போயிருக்கணும். காத்து டேங்க்கு சீலு ஒடைக்கவே இல்லம்மா.”

அப்படியென்றால் எனக்குப் பதில் சொன்னது யார் என்று கேட்டேன்.

“ஒங்க பெட்டி எரிஞ்சிட்டு இருக்கு. சத்தம் இல்ல. காத்து இல்லாம சத்தம் எங்க வரும். ஆனா நம்பரு மாறுதும்மா. நாலு இருந்துச்சு. இப்ப ஒம்பது. பத்து. பதினொண்ணு. நாங்க யாரும் தொடல.”

09:44:16 அறை 6: 11.
09:44:17 அறை 4: 11.

உயிரோடு இருந்தால் 11 என்று நான்தான் சொல்லியிருந்தேன். மாசிலாமணி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாள் 241, 10:40

பழுதின் காரணம். கம்பி வழியாக அனுப்பினால் புரோகிராம் மட்டுமே மாறும். ஜோடி எண் போர்டின் நினைவகத்தில் வேறொரு மூலையில் இருக்கிறது. நேரில் போய்த் துடைத்தால்தான் அது அழியும். 4-ஐத் துடைத்தேன். 6-ஐத் துடைக்கவில்லை. 4-ஐத் திருகினால் 6 மாறாது, அதைச் சோதித்தேன். 6-ஐத் திருகினால் 4 மாறும்; அதைச் சோதிக்கவில்லை. ரோஸ்லின் சொன்னாள். கை போர்வைக்குள் இருந்தது என்றாள்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

ரோஸ்லின் தன்னைச் சொல்லவில்லை. அவள் எதையுமே சொல்லவில்லை. அவளைப் பற்றி நான் எண்ணியது...

பேச்சிமுத்து மேற்கே போய்விட்டார். மூன்று மணி நேரத்தில் முடியாதே என்றேன்.

“தெரியும்மா. அதுக்காகத் தோண்டாம நிக்கவா?”

நாள் 241, 12:30

பதினொரு மணி முதல் அறை 6-இல் குமிழ் ஓயவில்லை. 4. 0. 4. 0. 4. 0. முதலில் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடவில்லை. நாலாம் அறையில் என்ன ஆயிற்று என்று கேட்கிறார். வேறு எப்படிக் கேட்பார்?

ஒரு மணி நேரத்துக்கு மேல் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிறகு பேசினேன்.

“மாசிலாமணி, ரோஸ்லின் வெளிய வந்துட்டா. உசிரோட இருக்கா. பக்கத்துலதான் நிக்கா. ஒங்க மேளத்தக் குறைக்கச் சொல்லுதா.”

12:24:40 அறை 6: 21.
12:24:41 அறை 4: 21.

மேளத்தைப் போட்டேன்.

நாள் 241, 13:45

12:58 அறை 6: 8.
12:58 அறை 6: 21.
13:09 அறை 6: 8.
13:09 அறை 6: 21.

அவள் குறைப்பதையும் அவரே செய்தார். அவர் கூட்டுவதையும் அவரே செய்தார். 13:09-க்குப் பிறகு குமிழ் அசையவில்லை.

கருவி 21-இல் ஓடுகிறது. கெபாசிட்டர் தாங்குகிறது. நிற்கவில்லை.

நாள் 241, 16:00

பேச்சிமுத்து இன்னும் தோண்டுகிறார். அறை 6-இன் கருவி இன்னும் சர்வரிடம் பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. சர்வரை அணைக்கச் சுவிட்சு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அணைக்கவில்லை. 4-இலும் 21 என்றே இருக்கிறது.

விசாரணைக்கு வருபவருக்கு. பக்கத்து முகாம் அனுப்பிய முதல் தகவலில் ‘கருவிக் கோளாறு’ என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்தவும். கருவியில் கோளாறு இல்லை. நான் பதிந்ததை அது கடைசிவரை செய்தது. 6-ஐத் துடைக்காமல் விட்டது நான். ரோஸ்லின் சொன்னதை மறுத்தது நான். கிழக்கு என்று சொன்னதும் நான்.

இரண்டாவது திருத்தம். சர்வரின் குரல் பதிவில், இன்று 12:24-க்கு, ரோஸ்லின் உயிரோடு இருப்பதாக ஒரு வாக்கியம் இருக்கும். குரல் என்னுடையது. அது பொய். சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் இறந்தது நாள் 239, 21:40.

இந்த இரண்டு திருத்தங்களும் அறிக்கையில் சேர்க்கப்பட்டதா என்று எனக்கு எழுத்தில் பதில் அனுப்பவும்.