பொத்தானின் சுற்றளவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். மூன்றாவது ஆள் அளவுக்கு மீறிச் சுகமாக இருந்ததில்தான் உனக்கும் எனக்கும் மனஸ்தாபம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டரை மாதத்துக்கு முன் பொத்தானின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நாயாப்பா, தலையணையா?" என்று கேட்டாய். என்னால் அதை வளர்க்க முடியாது, உன் தோழி வந்து கூட்டிக்கொண்டு போவாள் என்றாய். அவள் நேற்று போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். அதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் அவசரமாக அனுப்புகிறேன்.

நீ அலமாரியில் ஒட்டிவிட்டுப் போன தாளை நான் மதிக்கவில்லை என்று நினைக்காதே. வேலைக்குக் கிளம்பும்போது அதை மூன்று மாதக் குட்டியாக விட்டுப் போனாய். தாளில் இருந்தபடி நாளுக்கு மூன்று வேளை, ஆறு மாதம் ஆனதும் இரண்டு வேளை, எல்லாம் நேரம் தவறாமல் நடந்தது. கடைசி வரியில்தான் கோட்டை விட்டேன். ஒரு வயதானதும் குட்டித் தீனியை நிறுத்திப் பெரிய நாய்க்கான தீனிக்கு மாற்றச் சொல்லியிருந்தாய். எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குத் துணி தைக்கிறவன் நான். வளரும் உடம்பு என்று உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டே பழகிய கை. கிண்ணத்திலும் அப்படியே ஒரு பிடி கூடுதலாக விட்டது. அதுவும் குட்டித் தீனியில்.

நீ தலையணையா என்று கேட்ட பிறகு அதைக் கூட்டிக்கொண்டு போனேன். கால்நடை மருத்துவரம்மா விலாவைத் தடவிப் பார்த்தார். எலும்பு கைக்கு அகப்படவில்லை. "வளர்ற வயசு முடிஞ்சிடுச்சு. இனிமே நீங்க கூடுதலா போடுறது உயரத்துக்குப் போகாது, சுற்றளவுக்குத்தான் போகும்" என்றார். வெட்கமாகிவிட்டது. கடைக்கு வந்து டேப்பை எடுத்து அளந்தேன். மார்பு இருபத்தாறு, இடுப்பு இருபத்தைந்தே முக்கால். இந்த அளவில் மனிதன் வந்தால் பெல்ட் போடாதே என்று சொல்லி அனுப்புவேன்.

அன்றைக்கே ஆரம்பித்தேன். பழைய தீனியில் கால் பங்கு புதியது, இரண்டு நாள் கழித்து அரைப் பங்கு, பிறகு முக்கால். ஒன்பதாம் நாள் முழுக்கப் புதியது. ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெட்டுவிடுமாம். கண் அளவு கிடையாது, மருத்துவரம்மா கொடுத்த கப்தான். உன் அம்மா அடுப்படியில் ரொட்டித் துண்டு நீட்டியதைக் கண்டுபிடித்தேன். "அது பாவமா பார்க்குது, நான் என்ன பண்ண?" என்கிறாள். பக்கத்து இஸ்திரிக் கடைக்காரரும் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தாராம். ஆகவே கழுத்துப் பட்டையில் ஒரு துணி வைத்து, சிவப்பு நூலில் 'நான் சாப்பிட்டாயிற்று' என்று எழுத்துத் தையல் போட்டுவிட்டேன். தெருவே சிரிக்கிறது. ஆனால் பிஸ்கட் நின்றுவிட்டது.

இன்று காலை இடுப்பு இருபத்திரண்டரை. தடவினால் விலா எலும்பை எண்ண முடிகிறது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிகிறது. இன்னும் ஓர் அங்குலம் போக வேண்டும், போகும். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. தவறு என்னுடையது, திருத்தியதும் நான்தான். கத்தரிக்கிற மேசைக்குக் கீழே அது படுத்திருக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. பொத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சாப்பிடவே இல்லை என்று முகம் காட்டும். நீ அதற்கு நேர்மாறு. போன வாரம் வீடியோவில் உன்னைப் பார்த்தேன். கேட்டதற்கு "சாப்பிட்டேம்ப்பா" என்றாய். நீ கையைத் தூக்கியபோது கைக்கடிகாரம் முழங்கை வரை இறங்கியது. அளவெடுக்கிறவனிடம் அதை மறைக்க முடியுமா?

இத்துடன் ஒரு கோட்டு வருகிறது. நீ கிளம்பிய மாதம் எடுத்த அளவுக்கே தைத்தேன். தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைக்கக் கொடுக்காதே, எனக்கு உண்மையை எழுது. வேலை அதிகம் என்றாலும் இரண்டு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு.

தோழியை அனுப்பாதே. பொத்தானைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும் என்றால் நீயே வா.

கோட்டின் உள்ளே பக்கத்துக்கு ஓர் அங்குலம் துணி விட்டிருக்கிறேன். வளர்ற வயசு முடிஞ்சவளுக்கு எதுக்கு என்று அம்மா கேட்டாள். அந்தத் தையலைப் பிரித்து விடும்படி நீ ஒரு சுற்றுப் பெருக்க வேண்டும். இதுதான் என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
அப்பா