எதிர்க்காற்று என்று சொன்னவருக்கு

2025 டிசம்பர் 18, மார்கழி மூன்றாம் நாள், வியாழக்கிழமை. எனக்கு எழுபத்து நான்கு வயது முடிந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன.

வாடைக்காற்று இன்று காலையிலிருந்தே பலமாக வீசுகிறது. வடக்குச் சன்னலைத் திறந்ததும், கதவுக்குப் பின்னால் தொங்கும் உங்கள் மஞ்சள் மழைச்சட்டை அசைந்து அறை முழுவதும் டீசல் நாற்றத்தைப் பரப்பியது. நீங்கள் போய் மூன்று ஆண்டுகள் ஆகியும் அந்த நாற்றம் போகவில்லை. துவைத்துப் போடும்படி பலர் யோசனை சொல்லிவிட்டார்கள். நான் துவைக்கவில்லை, அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரப்பர் துணி, கசக்கினால் கிழிந்துவிடும்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பொதுப்பணித் துறையில் சேர்ந்து, பணிக்காலம் முழுவதும் தண்ணீர் வராத கண்மாய்களுக்கு மடை கட்டியவர் நீங்கள். ஓய்வு பெற்றதும் பாம்பனுக்குப் பக்கத்தில், அக்காள்மடத்தில் இந்த வீட்டைக் கட்டினீர்கள்; பாயும் சிறிய எஞ்சினும் உள்ள படகு ஒன்றை வாங்கினீர்கள். பார்க்க வந்த என் அண்ணன், "ஊர்ல மொளகாக் காட்டுக்குத் தண்ணியில்ல, நீங்க தண்ணி மேல மெதக்கப் போறீகளாக்கும் மாப்ள" என்றார். "இம்புட்டு நாளும் நான் தண்ணியத் தேடுனேன் மச்சான். இனிமே அது என்னயத் தேடட்டும்" என்றீர்கள். அண்ணன் சிரித்தார். நான் படகின் விலையை நினைத்துக்கொண்டிருந்ததால் சிரிக்கவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன், உங்கள் எழுபதாவது வயதில், பாம்பன் அந்தோணியைத் துணைக்கு வைத்துக்கொண்டு புரட்டாசியில் கரையோரமாகவே படகைச் சென்னைக்குக் கொண்டு போனீர்கள். அங்கே எஞ்சினைப் பழுது பார்த்துவிட்டுத் திரும்புவதாகப் பேச்சு. ஐப்பசி முழுவதும் மழை என்றீர்கள், கார்த்திகையில் புயல் என்றீர்கள், நம்பினேன். மார்கழி பிறந்ததும் கைப்பேசியில் கூப்பிட்டு, "இந்தா, ஒரே எதிர்க்காத்தா இருக்கு. வாடை நின்னதும் வாரேன்" என்றீர்கள்.

இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் வேலையிலிருந்த காலமெல்லாம் புவியியல் நடத்தியவள் நான். வாடை வடகிழக்கிலிருந்து வருவது. சென்னையிலிருந்து தெற்கே வரும் படகுக்கு அது பின்னால் நின்று தள்ளிவிடும் காற்று. பாயை ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தக் காற்றின் அம்புக்குறியை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்தவளிடமே அதை எதிர்க்காற்று என்று சொன்னீர்கள். மனைவி என்ன பாடம் நடத்தினாள் என்பது கணவர்களின் நினைவில் நிற்பதில்லை போலும்.

அந்தப் பேச்சுக்குப் பின்னணியில் மிருதங்கம் கேட்டது. விசாரித்தபோது, மயிலாப்பூரில் கச்சேரி கேட்பதாகச் சொன்னீர்கள். நம் வீட்டு வானொலியில் ஆலாபனை தொடங்கினால், "யாருக்கோ பல்லு வலி" என்று அணைத்துவிட்டுப் போனவர் நீங்கள். எழுபது வயதில் ஒரு மனிதருக்குத் திடீரென்று காது திறந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. வேறு ஏதோ திறந்திருக்கிறது என்றே நினைத்தேன்.

கிறிஸ்துமசுக்கு அந்தோணி மட்டும் பேருந்தில் வந்து சேர்ந்தான். படகு காசிமேட்டில் கட்டிக் கிடப்பதாகவும், எஞ்சின் என்றோ சரியாகிவிட்டதாகவும் அவனிடமிருந்து தெரிந்துகொண்டேன். உங்களுக்கோ அன்றாடம் சலவைச் சட்டை, மத்தியானம் ஒரு சபாவின் கேன்டீனில் சாப்பாடு, பிறகு உள்ளே போய் இலவசக் கச்சேரி.

"அவுகளோட யாருப்பா உக்காந்து சாப்புடுறது?" என்றேன், ஒன்றும் தெரியாதவளைப் போல.

"சாருக்கு அங்கன சேக்காளிக நெறையம்மா."

"பொம்பளைகளுமா?"

"அத நான் கவனிக்கலம்மா" என்றான். கவனிக்காதவன் ஏன் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டும்?

அன்றே முடிவு செய்தேன். ஒருத்தி இருப்பது உண்மையானால் வீட்டைப் பூட்டிச் சாவியை அந்தோணியிடம் கொடுத்துவிட்டு, முதுகுளத்தூரில் என் பங்குக்கு வந்த வீட்டுக்குப் போய்விடுவது. அழுவதற்கோ பஞ்சாயத்துக்கோ இடமில்லை. நாற்பது ஆண்டு மணவாழ்க்கையில் எனக்கென்று இருந்தவை ஒரே பெட்டியில் அடங்கிவிட்டன. அதையும் கட்டி வைத்தேன்.

தை பிறந்து நீங்கள் வந்தபோது அந்தப் பெட்டி பிரிக்கப்பட்டிருந்தது. அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலையை நீட்டினீர்கள். கேட்காமல் சேலை வாங்கி வரும் ஆணை நான் நம்புவதில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். "காத்து நின்னுருச்சாக்கும்?" என்றேன். "நின்னுருச்சு" என்றீர்கள். வெளியே முருங்கைக் கிளை முறியும்படி வாடை அடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகும் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தீர்கள். கடைசி மாதங்களில், கட்டிலில் படுத்தபடி ஒருநாள் கேட்டீர்கள்: "அந்த வருசம் நான் அங்கன என்ன செஞ்சேன்னு நீ ஏன் கேக்கவேயில்ல?" கேட்டால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா என்று திருப்பிக் கேட்டேன். சிரித்தீர்கள். பேச்சு அதோடு முடிந்தது.

கேட்காததற்குக் காரணத்தை இப்போது சொல்கிறேன். பெட்டியைக் கட்டி வைத்த கையோடு, கண்ணைக் காட்டிவர மதுரைக்குப் போவதாக அண்ணனிடம் சொல்லிவிட்டு, நான் இராமேசுவரத்தில் ரயிலேறிச் சென்னைக்கு வந்தேன். அந்தோணி சொன்ன அந்தக் கேன்டீனில் உங்கள் முதுகுக்குப் பின்னால், அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

உங்களோடு இரண்டு கிழவர்களும், நரைத்த கொண்டையும் வைரத் தோடுமாக ஓர் அம்மாளும் இருந்தார்கள். இவள்தானா என்று நன்றாகப் பார்த்தேன். கிழவர்களில் ஒருவர் அவருடைய கணவர். அந்த அம்மாளின் இலையில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது அந்த அம்மாள் உங்களைக் கேட்டார்: "அடுத்த வருஷமாவது உங்காத்து மாமியை அழைச்சிண்டு வரலாமோல்லியோ?"

"அவ போய்ச் சேந்து பத்து வருசமாச்சும்மா" என்றீர்கள்.

என் கையிலிருந்த காபி டம்ளர் கீழே விழவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

நீங்கள் நிறுத்தவுமில்லை. "பெரிய படிப்பு படிச்சவ. நாம ஒண்ணு சொன்னா மறு பேச்சு தயாரா வச்சிருப்பா. எதுத்துக் கேக்க அவ இல்லாம, நான் பேசுறது எனக்கே பொய் மாதிரித் தெரியுது" என்றீர்கள். தோளில் கிடந்த துண்டு கண்ணுக்குப் போனது. நடிப்பா என்று உற்றுக் கவனித்தேன், பிடரி நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் மனம் தாங்காமல் தம் பங்கு அக்காரவடிசலை உங்கள் இலைக்கு மாற்றினார். உங்கள் சர்க்கரை நோய்க்காக அப்படி ஒரு பண்டத்தை நான் வீட்டுக்குள்ளேயே விட்டதில்லை. வேண்டாம் என்று நீங்கள் கையை நீட்டித் தடுக்கவில்லை.

மாலை ரயிலில் ஊர் திரும்பிப் பெட்டியைப் பிரித்தேன்.

அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்க்க என்னைச் சாகடித்தீர்களா, அந்த அக்காரவடிசலுக்காகச் சாகடித்தீர்களா என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை. உயிரோடு இருந்தவளிடம் ஒருநாளும் நீங்கள் சொல்லாத சொற்கள் அவை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஐந்து ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தேன், நீங்கள் சொல்லவில்லை. ஆகவே, பின்னால் உட்கார்ந்து நான் கேட்டதையே வைத்துக்கொண்டிருக்கிறேன், முழுவதும் நம்பாமல்தான்.