மலையில் குடித்த தண்ணீர்

இன்று காலை எனக்கு அடுத்த தேயிலை நிரையில் நின்ற புதுப்பெண் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினாள். அந்தக் காரமான வாசம் மூக்கில் ஏறியதும் கொழுந்து கிள்ளிய என் கை நின்றுவிட்டது. வெயிலில் அவளுக்கு உதடு வெடித்திருந்தது. என் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். "வேணாங்க்கா. குடிச்சா அப்புறம் எங்க போறது?" என்றாள். பதினைந்து வருஷத்துக்கு முன், சுதந்திரம் வந்த புதிதில், நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருவரும் கொழுந்து பறிக்க ஒன்றாகப் பேர் பதிந்த காலத்தில், நீ சொன்ன அதே பேச்சு.

அப்போது நாம் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு ஒரு கோப்பை பாலில்லாத சாயத்தண்ணி. அதற்குப் பிறகு மலையை விட்டு இறங்கும்வரை ஒரு சொட்டும் கிடையாது. தேயிலைச் செடியோ இடுப்பளவு. மேலே கங்காணி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பெண்பிள்ளை ஒதுங்க எங்கே இடம்? தாகம் எடுத்தால் வெற்றிலை போடுவோம். தாகத்தை அடக்கத் தெரிந்தவள்தான் கெட்டிக்காரி என்று ஒரு நினைப்பு. நீ எல்லோரையும்விடக் கெட்டிக்காரியாக இருந்து தொலைத்தாய்.

முதலில் உன் பல் போனது. கடைவாய் வீங்கி, ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்து விழுங்கினாய். பிறகு இடுப்பு வலி, காய்ச்சல், சிறுநீர் போகையில் எரிச்சல். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் குளிர் பிடித்துவிட்டது என்றாய். ஒருநாள் கூடையோடு நிரையில் சரிந்தாய். தோட்டத்து டிஸ்பென்சரியில் டாக்டரையா உன் வாயைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "வாய் காஞ்சு கெடந்தா எச்சில் ஊறாது, சீனி பல்லுலயே ஒட்டிக்கிடும். வயித்துக்குள்ளயும் அதே கதைதான், தண்ணி போகாட்டி மூத்திரம் எரியும். நீங்கள்லாம் தண்ணியே குடிக்கிறதில்லையா?"

"குடிக்கலாங்கய்யா. ஒதுங்கத்தான் எடம் இல்ல," என்று படுத்தபடியே சொன்னாய். அவர் மருந்தை எடுத்துத் தந்து, கொதித்தாறிய தண்ணீரை நிறையக் குடிக்கச் சொன்னார்.

திரும்பி வந்தவள் பழைய ஆள் இல்லை. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் மடமடவென்று குடித்தாய். பிறகு இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து ஒரு முனையை என்னிடம் தந்தாய். "புடி புள்ள." மற்றவர்களும் தங்கள் படங்கை விரித்துப் பிடித்து உன்னைச் சுற்றி நின்றார்கள்.

"என்னா அங்க கூட்டம்?" என்று கங்காணி கத்தினார்.

"தண்ணி குடிச்சவ ஒதுங்குறா கங்காணி. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க!" என்று சாக்கு மறைப்புக்குள்ளிருந்தே உன் குரல் வந்தது.

மனுஷன் திரும்பித்தான் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதன்பிறகு எவளும் தாகத்தோடு கிடக்கவில்லை. மத்தியானத் தலைவலியும் கிறுகிறுப்பும் குறைந்தன. இன்று அந்தப் புதுப்பெண்ணும் நாங்கள் படங்கை அவிழ்த்துக் காட்டிய பிறகுதான் போத்தலை வாங்கினாள்.

ஆனால் உனக்கு அது பிந்திப்போயிருந்தது. சில வருஷங்களில் முகமும் காலும் வீங்கின. நுவரெலியா ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் இரண்டும் பழுது என்றார்கள். இனித் தண்ணீரை அளந்துதான் தரவேண்டும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்களையெல்லாம் குடிக்கவைத்தவளுக்கு ஈரத்துணியால் உதட்டை நனைத்தேன். யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

நீ துணியைச் சப்பிவிட்டுக் கேட்டாய். "மலையில புள்ளைங்க குடிக்குதுங்களா?"

"எல்லாரும் குடிக்கிறோம் புள்ள."

"நீ இன்னிக்கி குடிச்சியா?"

விடிந்ததிலிருந்து உன் பக்கத்திலேயே இருந்தேன், குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய். "போய்க் கொண்டாந்து என் முன்னுக்குக் குடி," என்றாய். உன் எதிரில் எப்படிக் குடிப்பது? மாட்டேன் என்று அழுதேன். நீ விடவில்லை. வராந்தாக் குழாயில் கோப்பையை நிரப்பிக்கொண்டு வந்து, காய்ந்த உதட்டோடு நீ பார்த்துக்கொண்டிருக்க, முழுவதையும் குடித்தேன். என் தொண்டையில் தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ போய்ச் சேர்ந்த பிறகு, இன்றைக்கும் எந்தக் கோப்பையை எடுத்தாலும் நீ அப்படிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய். நான் ஒரு மிடறும் மிச்சம் வைப்பதில்லை.