தலைப்பிரசவத்துக்கு இந்த வீட்டுக்கு வராதே

சமயநல்லூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற அந்தச் சின்ன உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் நான் கும்பிடுவது அதற்குத்தான். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தாயி, தலைப்பிரசவத்துக்கு நீ இந்த வீட்டுக்கு வர வேண்டாம். பெற்றவள் சொல்கிற பேச்சா இது என்று உனக்குக் கோபம் வரும், வரட்டும், கோபத்தில் கசக்கிப் போட்டுவிடாமல் கடைசி வரைக்கும் படி. இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், இரண்டு வார்த்தைக்குள் பிடுங்கிக்கொள்கிறார், வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் அதையும் போட்டுக் கேட்கிறார். அதனால் அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா போனில் எத்தனாவது மாதம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று நீ போன வாரம் சொல்லிச் சிரித்தாய் அல்லவா, எனக்குச் சிரிப்பு வரவில்லை வாணி. நம் பேட்டரிக் கடைக்கு வந்த லாரி நம்பரைச் சொன்னால் போதும், என்ன பேட்டரி, எப்போது மாற்றியது, டிரைவருக்கு எந்த ஊர் என்று படபடவென்று சொல்கிற மனிதர் அவர், உனக்குத் தெரியாததா. இப்போது கடைச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வீட்டைப் புரட்டிப் போடுகிறார். சந்தைக்கு என்னை வண்டியில் கூட்டிப் போனவர் என்னை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக வீடு வந்து சேர்ந்தார். நான் காய்கறிப் பையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "எங்கடி போய்த் தொலஞ்ச இம்புட்டு நேரம்" என்று என்னையே திட்டுகிறார். ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டைச் சுவரில் எறிந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இல்லாத கூத்து. அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள், பால்பாண்டி குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது. கடைசியில் நானே அதை நம்பி, டீயைத் தவிர எதையும் தொடாத மனிதரைக் குடியை நிறுத்தக் கயிறு கட்டுகிற கோயிலுக்குக் கூட்டிப் போய்விட்டேன். எம்புட்டு நாளாகக் குடிக்கிறாய் என்று பூசாரி கேட்டார், இவர் கையைக் கட்டிக்கொண்டு, "நான் குடிக்கிறதில்ல சாமி, இவ கூப்ட்டா, வந்தேன்" என்றார். பூசாரி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. ஆனாலும் கயிற்றைக் கட்டித்தான் அனுப்பினார், இன்னும் அவர் கையில் கிடக்கிறது.

விஷயம் வெளியே வந்தது பாண்டிமீனாவால். அப்பாவிடம் வேலை பார்க்கிற விக்ரமின் மகள், நீ கல்யாணத்தில் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தாயே, அந்தப் பிள்ளைதான். இப்போது என் அங்கன்வாடிக்குத்தான் வருகிறாள். படத்தைக் காட்டினால் யானை மயில் ஆட்டோ என்று கடகடவென்று சொல்லிக்கொண்டிருந்தவள், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள். அதே படத்தைக் காட்டினால் என் முகத்தைப் பார்ப்பாள், படத்தைப் பார்ப்பாள், வாய் திறக்க மாட்டாள். பக்கத்துப் பிள்ளைகளைக் கடிப்பாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். குடல் ஏறியிருக்கும் என்று அவள் அம்மா குடல் தட்டக் கூட்டிப் போனாள், காற்று கருப்பு என்று மந்திரித்தார்கள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் என் மடியிலேயே அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, பிள்ளையின் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். விக்ரம் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்குகிற வேலை என்றான். பிள்ளையை அங்கே கூட்டிப் போவாயா என்றார். "இவ அம்மாவும் வேலைக்குப் போயிருவா, அங்கன்வாடி விட்டா வீட்ல பாக்க ஆளில்லம்மா, ஷெட்டுலதான் வெளாண்டுக்கிட்டு இருக்கும்" என்றான். ரத்தம் எடுத்துப் பார்த்தால் அந்தப் பிஞ்சு உடம்பு முழுக்க ஈயம்.

அந்த ஷெட் எங்கே இருக்கிறது, நம் வீட்டுப் புழக்கடையில். நீ ஒன்பதாவது படிக்கும்போது போட்ட தகரக் கூரை. டாக்டரம்மா எங்களையும் விடவில்லை, எனக்கும் உன் அப்பாவுக்கும் ரத்தம் எடுத்தார். எனக்கு இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது, அவருக்கு அதைப் போலப் பல மடங்கு. மறதியும் கோபமும் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது, கயிற்றைக் கட்டி வந்த என் புத்தியை எதால் அடிப்பது. அந்தம்மா பொறுமையாகச் சொன்னார், "இது நாத்தமும் இல்ல, வலியும் இல்ல, தூசியா புகையா உள்ள போயி மூளையத் தொடும். பெரியவங்க அந்த எடத்த விட்டு விலகி வைத்தியம் பாத்தா ஓரளவு தெளியும். மூளை வளர்ற வயசுல இருக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து, பேச்சு, படிப்பு, கவனம் எல்லாம் அடிபடும், போனதுல எம்புட்டுத் திரும்பி வரும்னு எங்களாலயே சொல்ல முடியாது" என்று. சொல்லிவிட்டு வீட்டில் யாராவது மாசமாக இருக்கிறார்களா என்று கேட்டார். என் மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன் வாணி, பழக்கதோஷம், எவர் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அந்த வீட்டுக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டைச் சுத்தம் செய்தால் போதாதா என்று நீ கேட்பாய், நானும் அதைத்தான் நினைத்தேன். உனக்காக ஒதுக்கி வைத்த உள் அறையை ஈரத் துணியால் துடைத்தேன், வெள்ளைத் துணி சாம்பல் நிறமாக வந்தது. மறுநாள் துடைத்தேன், மறுபடியும் அதே நிறம். ஜன்னல் கட்டையில், ரேக்கில், கொடியில் காய்கிற துணியில், எங்கே தொட்டாலும் அதுதான். மண்ணில் ஊறிப் போயிருக்கிறது, மேல்மண்ணை எடுத்துக் கொட்டி ஷெட்டைப் பிரித்து வீட்டை முழுக்கக் கழுவினால்தான் சரியாகும் என்கிறார்கள், அது இன்றைக்கு நாளைக்கு நடக்கிற காரியம் இல்லை. உன் அப்பாவோ, "இருபது வருசமா ஈயத்தக் கையில தொடுறேன், செத்தா போயிட்டேன், எம்பிள்ள எங்க வீட்டுக்குத்தான் வருவா, எவ தடுக்கிறான்னு பாக்கிறேன்" என்று டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை எடுத்து வெளியே வீசினார். விக்ரம் வேலையை விட்டு நின்றுவிட்டான், அந்தக் கோபம் வேறு என் மேல். இப்போது அவரே தனியாக ஈயம் உருக்குகிற அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது. சின்ன வயதில் உள்ளே போன ஈயம் எலும்பில் போய்த் தங்கிவிடுமாம். மாசமாக இருக்கும்போது பிள்ளையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கரையுமாம், அப்போது அதுவும் சேர்ந்து கிளம்பி வருமாம். நீ அந்தப் புழக்கடை ஜன்னலுக்குப் பக்கத்தில் மேஜையைப் போட்டுத்தான் பிளஸ் டூ வரைக்கும் படித்தாய். உனக்குக் கட்டாயம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, பார்த்துவிட்டால் நிம்மதி. அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் உன் அப்பா வேலையைச் சொல்லி ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல், வெட்கப்படாதே. கால்சியம் மாத்திரையை ஒருநாளும் விடாதே. பாலைக் கண்டால் மூஞ்சியைச் சுளிப்பாயே, அந்த வேலை இனி வேண்டாம், பால் குடி, கேப்பைக் கூழ் குடி, கீரை கிடைத்தால் விடாதே. நான் கொடுத்தனுப்பிய மசாலா, மஞ்சள்தூள், அரிசி மாவு எல்லாம் இந்த வீட்டு முற்றத்தில் காய்ந்தது, ஒரு துளி விடாமல் குப்பையில் போட்டுவிடு. அம்மா அரைத்துக் கொடுத்தது என்று பாவம் பார்க்காதே.

சம்பந்தி அம்மா என்ன சொல்வார் என்று நினைத்துக் கலங்காதே. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிப் போக வக்கில்லாதவள் என்று திருமங்கலம் முழுக்கப் பேசட்டும். நான் நேரில் போய் உள்ளதைச் சொல்லிக்கொள்கிறேன், அந்தப் பேச்சை நான் வாங்கிக்கொள்கிறேன். வளையலை எழுமலையில் உன் மாமன் வீட்டில் போட்டாலும் கை நிறையத்தான் இருக்கும், இல்லையென்றால் நீ இருக்கிற நாக்பூரிலேயே போட்டுக்கொள்வோம். பிரசவத்துக்கு நான் அங்கே வருகிறேன். இந்தி தெரியாது, கோதுமை பிடிக்காது, தனியாக ரயில் ஏறியதும் இல்லை, எல்லாம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். உன் மாமன் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவை எழுமலைக்குக் கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறான். முதல் வைத்தியமே அந்த ஷெட்டை விட்டு ஆளைப் பிரிப்பதுதானாம். போவாரா, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டுமா, தெரியவில்லை.

நீ பிறந்தபோது கட்டிய தொட்டில் சேலையை அப்பா பரணில் இருந்து எடுத்து உள் அறைக் கொக்கியில் கட்டி வைத்திருந்தார். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அதை அவிழ்த்துவிட்டேன். வந்தவர் வெறும் கொக்கியைப் பார்த்துவிட்டு, "எங்கடி தொட்டில்" என்று கத்தினார். நானும் கத்தி அலுத்துப் போனவள்தான், அன்றைக்குக் கத்தவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்து, அவர் விரலாலேயே ஜன்னல் கட்டையைத் தடவிக் காட்டினேன். பாண்டிமீனா இன்னும் யானையை யானை என்று சொல்லவில்லை என்றேன். நம் பேத்தியோ பேரனோ அப்படி நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்க வேண்டுமா என்று கேட்டேன். விரலில் ஒட்டிய சாம்பல் தூசியை வேட்டியில் துடைத்தார். பிறகு அழுதார் வாணி, உன் அப்பா அழுது நான் பார்த்தது உன்னை ரயில் ஏற்றிவிட்ட அன்றைக்கு மட்டும்தான். "அப்ப எம்பிள்ள வர வேணாம்டி. நீயே எழுதிப் போட்டுரு. எனக்கு மறந்து போகும், நாளைக்கு நானே வா ஆத்தான்னு கூப்புட்டுருவேன்" என்றார்.

நேற்றுக் காலை எழுந்து பார்க்கிறேன், தொட்டில் பழையபடி கொக்கியில் தொங்குகிறது. முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே, வாணி என்றைக்கு வருகிறாள் என்று சந்தோஷமாகக் கேட்கிறார்.

அதனால் சொல்கிறேன் மகளே, அவர் போன் செய்து வா வா என்று கூப்பிடுவார், நான் தடுக்கிறேன் என்று என்னைத் திட்டுவார், நீ மறுத்தால் உன்னையும் திட்டுவார். சரிப்பா என்று சொல்லி வைத்துவிடு, எதிர்த்துப் பேசாதே. ஆனால் வந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன்னை வர வேண்டாம் என்று அழுதாரே, அவர்தான் உன் அப்பா, அவர் பேச்சைக் கேள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. பிள்ளை கையும் காலும் புத்தியும் தெளிவாகப் பிறந்து உன் மடியில் வாயாடட்டும். ரத்தம் பார்க்கச் சொன்னதை மறந்துவிடாதே. பதில் போடுவதாக இருந்தால் அங்கன்வாடி விலாசத்துக்குப் போடு.

உன் வருகைக்கு ஆசைப்பட்டு, வராதே என்று எழுதுகிற
அம்மா,
அன்னக்கொடி