மதினிக்கு வாங்கிய மாலை

மதினி,

இன்று காலை விருதுநகர் பஜாரில் மல்லிகை வாசம் மூக்கில் ஏறியதுமே உங்கள் நினைப்பு வந்துவிட்டது. உங்கள் படத்துக்கு மாலை வாங்கத்தான் போயிருந்தேன். நீங்கள் போய் ஒரு வருசம் ஆகிவிட்டது.

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன்தான் நான். ஆனாலும் ஆமத்தூரில் என்னைப் பேச்சில் ஜெயித்த ஆள் கிடையாது, உங்களைத் தவிர. சனிக்கிழமை சாயங்காலம் புதுப்பட்டி வெடி கம்பெனி வேனிலிருந்து நீங்கள் இறங்கினாலே சந்தையில் பாதிக் கடைகளில் விலை தானாக இறங்கிவிடும். கத்தரிக்காய்க்காரனிடம், "ஏலே, காயா விக்கிற, தங்கமா?" என்பீர்கள். மீனைத் தொட்டுவிட்டு, "கை வச்சாச் சுடுதே" என்று விரலை உதறுவீர்கள். ஜவுளிக்கடையில் மட்டும், "யானை விலை குதிரை விலை சொல்லாதீக முதலாளி" என்று மரியாதையாக வரும். ஒருநாள் சொன்னது மறுநாள் வராது. திட்டும் இருக்காது. விலையைக் குறைத்துவிட்டு அவர்களே சிரிப்பார்கள். கலெக்டர் வந்து சொன்னாலும் அது நடக்காது. பையைத் தூக்கிக்கொண்டு நான் வாய் பிளந்து நிற்பேன். பேச வந்தால், "கொழுந்தனாரே, நீங்க பெருமைக்குக் கேட்ட விலையக் குடுத்துருவீக. செத்த சும்மா இருங்க" என்று அடக்கிவிடுவீர்கள்.

நீங்கள் போன அன்றைக்கு அப்படியேதான் ஆயிற்று. முகூர்த்த நாள். நீங்கள் வாடிக்கையாகப் பூ வாங்கும் இதே பஜார்ப் பூக்காரர் மாலைக்கு மூன்று மடங்கு சொன்னார். உங்கள் மாலைக்குப் பேரம் பேசுவது உங்களுக்குக் குறைச்சல் என்று நினைத்து, கேட்டதைக் கொடுத்துவிட்டேன். யாருக்கு என்று பிறகுதான் விசாரித்தார். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்த அக்காவுக்கா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணாச்சி."

உங்களை வழியனுப்பும்போது உங்களுக்குப் பிடிக்காத காரியத்தைச் செய்துவிட்டேனே என்று வருசம் முழுக்க உறுத்தியது.

இன்றும் அவர் அதே விலைதான் சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஏம்ப்பா, பூதான் விக்கிறியா, இல்ல சொத்தையே எழுதி வாங்கப் பாக்கிறியா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா சொன்ன மாதிரி வரல அண்ணாச்சி" என்றார். ஆனாலும் மாலையோடு ஒரு முழம் மல்லிகையை நறுக்கி வைத்தார்.

பாதி விலைக்கு முடித்தேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மட்டும் நிஜம்: ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, அந்த ஒரு முழம்தான். அதை மாலைக்கு மேலே, உங்கள் கண்ணில் படுகிற மாதிரி சாத்தியிருக்கிறேன். சனிக்கிழமைச் சந்தைக்கு உங்கள் பையோடு நான்தான் போகிறேன். வாயைத் திறக்கத்தான் போகிறேன், மதினி, கோபிக்கக் கூடாது.